விங்கரைப் பின்னுக்கு இழுத்த கோடை

எதிரணி நம் வலப்பக்கமாக ஏறி வருகிறது. கிராஸ் விழப்போகிறது. இந்த நொடியில் நம் அணியின் இடது ஓரத்து ஆட்டக்காரர் எங்கே நிற்க வேண்டும்?

அவர் விங்கர் என்றால் நடுக்கோட்டுப் பக்கமாக, டச்லைனை ஒட்டி நிற்கலாம். நம் டிஃபெண்டர் பந்தைப் பறித்ததும் அதை வாங்கிக்கொண்டு பறக்க ஒருவர் வேண்டுமே. அவரே விங் பேக் என்றால் அங்கே நிற்பது பெரிய தப்பு. உள்ளே ஒடுங்கி வந்து, தூரத்துக் கோல்போஸ்ட்டுக்கு முன்னால், மூன்றாவது டிஃபெண்டரின் தோளோரம் இருக்க வேண்டும். எதிரணியின் வலது விங்கர் அவருடைய முதுகுக்குப் பின்னால் பதுங்கி வந்துகொண்டிருப்பார். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே நாற்பது மீட்டருக்கு மேல் இருக்கிறது. யோசிக்கக் கிடைக்கும் நேரமோ ஒரு விநாடிகூட இல்லை.

2019ஆம் ஆண்டுக் கோடையில் மைக்கேல் சூசைராஜுக்கு வந்து சேர்ந்த வேலை இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊரான இரவிபுத்தன்துறையில் பிறந்தவர். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீகில் பெயர் வாங்கி, 2018-19 ஐ.எஸ்.எல். பருவத்தில் ஜாம்ஷெட்பூருக்கு ஆடினார். இடது விங்கில் பந்தோடு ஆளைத் தாண்டிப் போவது, உள்ளே வெட்டிக் கோலை நோக்கி அடிப்பது, இவைதான் அவருடைய சரக்கு. அடுத்த பருவத்துக்குக் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி அவரை வாங்கியது. அங்கே பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ், ஸ்பெயின்காரர். பின்னால் மூன்று டிஃபெண்டர்கள், நடுவே ஐவர், முன்னால் ராய் கிருஷ்ணாவும் டேவிட் வில்லியம்ஸும் என்பது அவருடைய அமைப்பு. இந்த அமைப்பில் விங்கர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஓரம் முழுவதும், கொடியிலிருந்து கொடி வரை, ஒரே ஆளின் பொறுப்பு. அந்த இடது ஓரம் சூசைராஜுக்கு வந்தது. 2020 மார்ச் 14 அன்று கோவாவில், பார்வையாளர்களே இல்லாத அரங்கில், ஏ.டி.கே. 3-1 என்று சென்னையின் எஃப்.சி.யை வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

இப்படி இடம் மாறியவர்கள் கால்பந்தில் நிறையப் பேர். காரெத் பேல் டாட்டன்ஹாமில் இடது பேக்காக இருந்து முன்னுக்குப் போனவர். 2010 அக்டோபரில் மிலானில் இன்டர் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஃபிலிப் லாமை 2013இல் குவார்டியோலா ஓரத்திலிருந்து நடுக்களத்துக்கு இழுத்தார். மலப்புறத்துக்காரர் ஆஷிக் குருணியன் விங்கிலிருந்து இடது பேக் ஆனார். ஆனால் முன்னிருந்து பின்னுக்கு வருவது, பின்னிருந்து முன்னுக்குப் போவதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். முன்னால் தவறினால் ஒரு பந்துதான் போகும். பின்னால் தவறினால் கோல் விழும்.

சரி, இதில் கடினம் எங்கே இருக்கிறது? பந்தை நிறுத்தவும் கடத்தவும் ஓடவும் இடம் மாறும் விங்கருக்குத் தெரியும். விங் பேக் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். பயிற்சியில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சரியாகவே செய்வார். மேட்சில் மட்டும் கால் பழைய இடத்துக்கே போகும். பயிற்சியாளர்கள் இதை அக்கறையின்மை என்று நினைத்து, “சொன்னது மண்டையில ஏறுதா இல்லையா?” என்று கத்துவார்கள். மண்டையில் ஏறியிருக்கிறது. சிக்கல் வேறு.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹார்ட்விக், ஏட்ரியன் ஹெய்த் குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. திரையில் நான்கு குறிகளில் ஒன்று தோன்றும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு விரல். சிலர் நான்கு நாள் பழகினார்கள், சிலர் இருபது நாள். பிறகு இரண்டு குறிகளுக்கு உரிய விரல்களை இடம் மாற்றிவிட்டார்கள். போதிய நேரம் கொடுத்தபோது எல்லோரும் புதிய விதிப்படியே அழுத்தினார்கள். குறி தெரிந்த கணத்துக்கும் அழுத்த வேண்டிய கணத்துக்கும் இடையே அரை விநாடியைவிடக் குறைவாக நேரத்தைச் சுருக்கியபோது பழைய விரல் முந்திக்கொண்டது. இன்னும் கொஞ்சம் அவகாசம் தந்ததும் சரியான விரல் திரும்பி வந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: பழைய பழக்கம் அழியவில்லை, புதியதைக் கற்காமலும் இல்லை. இரண்டும் தலைக்குள் இருக்கின்றன. பழையது முதலில் தயாராகிவிடுகிறது. வீட்டில் சுவிட்ச் போர்டை எதிர்ச்சுவருக்கு மாற்றிய பிறகு, சாவகாசமாக உள்ளே வந்தால் கை சரியான பக்கம் போகும். கரண்ட் வந்த அவசரத்தில் மோட்டார் போட ஓடினால் பழைய சுவரைத்தான் தடவும். கிராஸ் விழுகிற அந்த நொடி, மோட்டார் போட ஓடுகிற நொடி.

பழக்கம் அழிவதில்லை என்பதற்கு எலிகளிடமும் சான்று உண்டு. எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபீலின் ஆய்வகம் எலிகளுக்கு T வடிவப் பாதையில் திரும்பப் பழக்கியது. பழக்கம் படியப் படிய மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் நரம்பணுக்களின் துடிப்பு ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வந்தது. பரிசை நிறுத்தியதும் அந்த வடிவம் கலைந்தது. மறுபடி பரிசு வைத்தபோது, புதிதாகக் கற்பதுபோல் இல்லாமல், பழைய வடிவம் சட்டென்று மீண்டது. 2005இல் வெளிவந்த முடிவு இது. பத்து வருடம் விங்கில் ஆடிய ஒருவரின் மூளையில் அந்த வடிவம் எவ்வளவு ஆழமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆக, புதிய இடத்தைக் கற்பது என்றால் புதிய பதிலை வேகமாக்குவது. பழையதைவிட முன்னால் அது தயாராக வேண்டும். அதற்குத் தேவை நேரம். மெதுவாக ஆரம்பித்து, அவகாசத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பருவத்தின் நடுவில் இதற்கு வழியே இல்லை. நான்கைந்து நாளுக்கு ஒரு ஆட்டம் வரும். அடுத்த நாள் கால் வலி ஆற்றுவது, அதற்கடுத்த நாள் எதிரணி பற்றிய வகுப்பு, பிறகு விமானம். அவசரமான ஆட்டங்களில் பழைய பழக்கம் ஜெயித்து ஜெயித்து இன்னும் கெட்டியாகும்.

இங்கே நம் ஐ.எஸ்.எல்.லுக்கு ஒரு விசித்திரமான சாதகம் இருந்தது. 2018-19 ஐ.எஸ்.எல். பருவம் 2019 மார்ச்சில் முடிந்தது, ஏ.டி.கே.யின் முதல் ஐ.எஸ்.எல். ஆட்டம் அக்டோபர் 20, கொச்சியில். ஏழு மாதம்! ஐரோப்பாவில் இதில் பாதிகூடக் கிடைக்காது. இவ்வளவு நீளமான இடைவெளி உடம்பைக் கெடுக்கிறது என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள், நியாயம்தான். இடம் மாறுகிற ஒருவருக்கு மட்டும் அது வரம்.

இடைவெளியில் எப்படிப் பழகுவது என்பதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒரே பயிற்சியை ஐம்பது தடவை, அடுத்ததை ஐம்பது தடவை என்று அடுக்கிப் பழகினால் அன்றைக்கு ஆட்டம் அழகாக இருக்கும், பயிற்சியாளருக்குச் சந்தோஷம். 1986இல் குட், மேகில் என்ற இருவர் பாட்மின்டன் புதிதாகக் கற்கும் மாணவிகளை மூன்று வகை சர்வீஸ் பழகச் செய்தார்கள். ஒரு குழு ஒரு வகையை முடித்த பிறகே அடுத்த வகைக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து அடித்தது. பழகி முடித்த பிறகு சோதித்தபோது கலந்து அடித்தவர்களே மேல், அதிலும் கோர்ட்டின் மறுபக்கத்திலிருந்து அடிக்கச் சொன்னபோது. கலந்து பழகும்போது ஒவ்வொரு முறையும் மூளை “இப்போது எது?” என்று முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலைத்தான் மேட்ச் கேட்கிறது. எனவே விங் பேக் பயிற்சியில் ஏறுவதும் இறங்குவதும் முன்னறிவிப்பின்றிக் கலந்து வர வேண்டும். பயிற்சி அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

அடுத்தது கண். என்னைக் கேட்டால் முழு விஷயத்திலும் சுவையான பகுதி இதுதான்.

விங்கர் பந்து வாங்கும்போது பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் டச்லைன் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரப்போவதில்லை. எதிரே ஒரு பேக், உள்ளே ஒரு மிட்ஃபீல்டர், மிச்சமெல்லாம் பந்து. பார்வை பந்துக்கும் எதிரே நிற்பவனின் இடுப்புக்கும் இடையே ஊசலாடினால் போதும். விங் பேக் தற்காக்கும்போது நிலைமை தலைகீழ். பந்து ஒரு பக்கம், காவல் காக்க வேண்டிய ஆள் மறுபக்கம். மனிதக் கண் தெளிவாகப் பார்ப்பது நடுவே இரண்டு பாகை அளவுக்குத்தான், நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் அளவு. மற்றதெல்லாம் அசைவைச் சொல்லுமே தவிர விவரம் சொல்லாது. பந்தையே பார்த்தால் ஆள் நழுவிவிடுவான். ஆளையே பார்த்தால் கிராஸ் எப்போது கிளம்பியது என்றே தெரியாது.

நார்வே விளையாட்டு அறிவியல் பள்ளியின் கெயர் யோர்டெட் இதை எண்ணிப் பார்த்தார். பிரீமியர் லீகில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனியாக வீடியோவில் பின்தொடர்ந்து, பந்து வருவதற்கு முந்தைய பத்து விநாடிகளில் எத்தனை தடவை பந்திலிருந்து முகத்தைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். அடிக்கடி திரும்பிப் பார்த்தவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சேர வேண்டிய இடம் சேர்ந்தன. ஃபிராங்க் லாம்பார்ட் போன்றவர்கள் மூன்று விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். டிவியில் பார்க்கும்போது இது நம் கண்ணில் படாது, காமிரா பந்தின் பின்னாலேயே போகும். மைதானத்துக்குப் போனால் பந்தை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆட்டக்காரரின் தலையை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். யார் எந்த இடத்தில் ஆடி வளர்ந்தவர் என்று சொல்லிவிடலாம்.

எப்போது திரும்புவது என்பதும் உண்டு. பந்து ஒருவர் காலை விட்டு இன்னொருவர் காலுக்குப் போய்க்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் திசை மாறாது. பின்னால் பார்க்க அதுதான் நேரம். விங்கராக வளர்ந்தவர்களுக்கு இந்தத் தாளம் இருக்காது. உட்கார்ந்து கற்க முடிகிற தாளம்தான் அது. காலுக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் பழைய மேட்ச் வீடியோ போதும்.

உடம்புக் கணக்கையும் பார்ப்போம். ஐரோப்பிய உயர்மட்ட ஆட்டங்களில் ஒரு நடு டிஃபெண்டர் சுமார் பத்தரை கிலோமீட்டர் ஓடுகிறார். ஓரத்து டிஃபெண்டர் பதினொன்றரைக்கு நெருக்கமாக. நடுக்கள வீரர்கள் பன்னிரண்டு. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் விங்கரின் வேக ஓட்டம் பெரும்பாலும் அவர் முடிவு செய்கிற ஓட்டம். தயாராகி, நேராக, முன்னால் ஓடுவார். விங் பேக்கின் ஓட்டத்தில் பாதியை எதிரணி முடிவு செய்கிறது. முன்னால் போன ஆள் திரும்பி ஐம்பது மீட்டர் பின்னால் ஓடி, அங்கே ஒருவன் எதிரில் வரும்போது சடக்கென்று நின்று, பக்கவாட்டில் நகர வேண்டும்.

அந்த நிற்றலைக் கிட்டத்திலிருந்து பார்த்தால் தெரியும். நேருக்கு நேராக நிற்கக் கூடாது. உடம்பு பாதி திரும்பியிருக்க வேண்டும், ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. முழங்கால் மடங்கி, குதிகால் தரையில் படாமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நழுவ வேண்டும். எதிராளியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பந்து அவன் காலை விட்டு ஒரு அடி அதிகமாக விலகும் வரை காலை நீட்டக் கூடாது. விங்கராக இருந்தவருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் சித்திரவதை. பந்தைக் கண்டால் பாய்வதே அவர் பிழைப்பு. பாய்ந்தால் அடுத்த கணம் அவர் தரையில், எதிராளி பாக்ஸுக்குள்.

சடக்கென்று நிற்கும்போது தசை நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருக்கிறது. பின்தொடைத் தசை கிழிவது பெரும்பாலும் வேக ஓட்டத்தில், இப்படித் தசை நீண்டுகொண்டே இழுக்கும்போதுதான். இதற்கு ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி முன்பக்கம் மெதுவாகச் சாய்வது. டென்மார்க்கில் 50 அணிகளைச் சேர்ந்த 942 பேரிடம் இதைச் சோதித்தார்கள், அதுவும் பருவத்தின் நடுவே வரும் இடைவெளியில் தொடங்கிய பத்து வாரப் பயிற்சியாக. 2011இல் வந்த முடிவு: பயிற்சி செய்த பாதியில் பின்தொடைக் காயம் 15, செய்யாத பாதியில் 52. ஜிம் தேவையில்லை, கருவி தேவையில்லை. இருந்தும் நம் ஊர்ப் பக்கத்து அணிகளில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. இரண்டு நாளைக்குத் தொடை வலிக்கும் என்பதுதான் காரணம். சீசன் நடுவே ஆரம்பித்தால் அந்த வலியோடு ஆட வேண்டும். கோடையில் ஆரம்பித்தால் வலி யாருக்கும் தொந்தரவில்லை.

ஏ.டி.கே.யிடம் ஸ்பெயின் பயிற்சியாளரும் வீடியோ ஆளும் இருந்தார்கள். எதுவும் இல்லாத ஊரில் என்ன செய்வது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் புள்ளலூரை எடுத்துக்கொள்வோம். வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊருக்குப் பெரிய இடம். மகேந்திரவர்மன் இங்கே பகைவர்களை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கேதான் நொறுக்கினார்கள். அடுத்த ஆண்டே இன்னொரு போர். கால்பந்து வரைபடத்தில் புள்ளலூர் கிடையாது. மாவட்டம் முழுக்கக் கிரிக்கெட்டும் கபடியும்தான். அதனால் என்ன, அங்கே ஒரு பதினேழு வயதுப் பையன் பள்ளி அணியில் இடது விங்கில் ஆடுகிறான் என்றும், பி.டி. வாத்தியார் அவனை வரும் வருடம் பின்னால் ஆடச் சொல்லிவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். தேர்வு முடிந்து ஏப்ரல் கடைசி. நவரை அறுத்த கழனி காய்ந்து கிடக்கிறது. ஜூன் பாதி வரை அவன் கையில் ஆறேழு வாரம்.

முதல் பத்துப் பதினைந்து நாள் வெயிலுக்கு உடம்பு பழகவே போய்விடும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதும், வியர்வை சீக்கிரம் தொடங்குவதும் அந்தக் கணக்கில்தான் நடக்கும். ஆகவே காலை ஆறு மணிக்கே களத்தில் இருக்கட்டும். அந்த நாட்களில் வேகமே வேண்டாம். அண்ணன்முறை ஒருவர் எதிரே பந்தோடு நடந்து வர, இவன் பாதி திரும்பி நழுவிப் பழகலாம். “காலை நீட்டாதடா, அவன் தப்பு பண்ற வரைக்கும் கூடவே போ” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்.

பிறகு கண். முன்னால் ஒருவர் பந்தை உருட்டிவிட, இவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளி இன்னொருவன் விரல்களைக் காட்டிக்கொண்டு நிற்பான். பந்து காலுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதலில் மெதுவான பந்து, பிறகு வேகமானது. பின்னால் நிற்பவன் விரலோடு இடத்தையும் மாற்றுவான். கழனி மேடு பள்ளமாக இருப்பதால் பந்து எகிறும், கண் பந்திலேயே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அந்தத் தொல்லையை ஒழிக்க ஏரி உள்வாயில் மாடு மேய்ந்து சமமான இடமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வாரத்திலிருந்து கலவை. ஆறு பேர் போதும். ஓரத்தில் இவன், விசில் அடிக்கும்போது பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பார்த்து ஏறுவதா, உள்ளே ஒடுங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். விசிலுக்கும் கிராஸுக்கும் இடையே முதலில் மூன்று விநாடி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. ஹார்ட்விக்கின் சோதனையைக் கழனியில் நடத்துவதுதான் இது. ஒரு விநாடியில் கால் பழைய இடத்துக்கு ஓடினால் திட்ட வேண்டாம். இரண்டு விநாடிக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி இறங்கலாம். இரவு நேரத்தோடு தூங்குவதும் பயிற்சியில் சேர்த்தி. விரல் அசைவு வரிசை ஒன்றைப் பழகிவிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடியிருந்தார்கள் என்று 2002இல் மேத்யூ வாக்கர் குழு காட்டியது. அவ்வளவு கூடுதலா, அதில் களைப்பு நீங்கியதன் பங்கு எவ்வளவு என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். தூங்காதவனுக்கு ஆட்டம் வராது என்பதில் வாதமில்லை.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் மாவட்டத் தலைநகரங்களில் நடத்தும் பயிற்சி முகாமுக்குப் போக முடிந்தால் போகலாம். போகும்போது விங்கர் என்று பெயர் கொடுக்காமல், லெஃப்ட் பேக் என்று கொடுக்க வேண்டும். முகாமில் எல்லாப் பையன்களும் ஃபார்வர்டு என்றுதான் சொல்வார்கள், பேக்குக்கு ஆள் கிடைக்காது. ஆட நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

மே கடைசியில் ஒரு சபலம் வரும். அக்கம்பக்கத்து ஊர்களில் ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட் போஸ்டர் ஒட்டுவார்கள், பரிசுக் கோப்பையோடு. புதிதாகக் கற்ற இடத்தை அங்கே ஆடிப் பார்க்கலாமே என்று பையனுக்கும் தோன்றும், கூட்டாளிகளுக்கும் தோன்றும். வேண்டாம். செவன்ஸ் மைதானம் சின்னது. எதிராளி எப்போதும் இரண்டு எட்டில் இருப்பான், யோசிக்க இருக்கும் நேரம் பெரிய மைதானத்தில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. நேரம் குறையக் குறையப் பழைய பழக்கம் முந்தும் என்பதுதான் இதுவரை பார்த்ததெல்லாம். தோற்றால் ஊர் பேசும், “இவனைப் போய் பின்னால போட்டாங்க பாரு” என்று. ஆடி ஆடித்தான் வரும் என்று வாதாடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வது பதினொருவர் ஆட்டத்துக்குப் பொருந்தும், அதுவும் ஜெயிப்பதும் தோற்பதும் பெரிதில்லாத நட்பு ஆட்டத்துக்கு. முதலில் இருபது நிமிடம், பிறகு ஒரு பாதி, பிறகு முழு ஆட்டம். களைப்பு ஏறும் கடைசிப் பத்து நிமிடத்தில் அவன் எங்கே நிற்கிறான் என்பதை மட்டும் ஒருவர் கரையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும்; பழையது திரும்பி வருவதானால் அப்போதுதான் வரும்.

செவன்ஸில் ஆடியே ஆக வேண்டும் என்றால் விங்கராகவே ஆடட்டும்.